பிசகியது கூரையா, நட்சத்திரமா?

நட்சத்திரங்களைப் பார்க்கும் ஆராய்ச்சி சாலைகளில், தொலைநோக்கி என்னும் தூரதிருஷ்டிக் குழாய்க்கு மேலே உருண்டையான கூரை ஒன்று இருப்பதைத் தோழர்கள் படத்திலாவது பார்த்திருக்கலாம். ஜவ்வாது மலையில், காவலூரிலே 1986-ம் வருஷம் முதல் இருந்துவரும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அப்படிப்பட்ட கூரைதான். அதில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு வாசல் உண்டு. வானம் மணிக்கு 15 பாகை நகருவதால் குழாயும் கூடவே நகரும். மோட்டார் கூரையைச் சுற்றி, பிளவைக் குழாயின் வாய்க்கு நேராகவே கொண்டுவர வேண்டும். பிசகினால் குழாய் பார்ப்பது நட்சத்திரத்தையல்ல, கூரைத் தகரத்தை.

பிசகினால் என்ன செய்வது? வில்லியனூரில் தேர் இழுத்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தேர் திண்ணையில் மோதப் போனால் அதைத் திருப்புகிறவன் முட்டுக்கட்டை போடுகிறவனேயொழிய, மேலே உட்கார்ந்து மந்திரம் சொல்லுகிறவனல்ல. கூரைக்கும் அதுவேதான். குழாயைத் தாழ்த்தி, நான்கு திக்கிலும் திருப்பி, பிளவுக்கும் குழாய்க்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். எங்கும் ஒரே அளவாகப் பிசகினால், கூரை தன் கணக்கைத் தொடங்கும் அடையாளம் இடம் மாறிவிட்டது. சுற்றச் சுற்றப் பிசகு வளர்ந்தால், சுற்றை எண்ணும் உருளை பனியிலோ எண்ணெய்ப் பிசுக்கிலோ வழுக்குகிறது. சுற்றுக்கு அரைப் பாகை போனாலும் பத்துச் சுற்றில் ஐந்து பாகை போய்விடும். கிழக்கே ஒருவிதமும் மேற்கே வேறுவிதமுமாகப் பிசகினால், குழாய் கூரையின் நட்டநடுவில் இல்லாமல் தூணுக்கு ஒரு பக்கமாக நிற்கிறது, அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். இடத்தையும் கம்ப்யூட்டருக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்திய மணி 82½ பாகை ரேகைக்கு உரியது. வில்லியனூரும் பாகூரும் 80 பாகைக்கும் சற்று மேற்கே உள்ளவை. அந்த 11 நிமிஷ வித்தியாசத்தை மறந்தால் ஏறக்குறைய 3 பாகை அங்கேயே தொலைந்தது.

நிற்க. கூரையும் குழாயும் ஒத்துவராதபோது அங்குள்ள எவரும், "இது எங்கள் பாட்டன் காலத்துக் கூரை, இது காட்டும் இடத்தில்தான் நட்சத்திரம் இருந்தாக வேண்டும்" என்று சாதிப்பதில்லை. ஆனால் நம் புதுவை ஆட்சியைச் சேர்ந்த திருநள்ளாற்றில் நடப்பதென்ன? சனி 2023 ஜனவரி 17-ல் கும்பத்துக்கு வந்துவிட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லிற்று. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் அக்கோவிலில் பெயர்ச்சி விழா நடந்ததோ அவ்வருஷம் டிசம்பர் 20-ல்! மறுபடியும் 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்கு வந்ததாகத் திருக்கணிதம் சொல்ல, எங்களுக்கு 2026-ல்தான் பெயர்ச்சி என்று கோவிலார் அறிவித்தார்கள். வானத்தில் இருப்பது ஒரே சனி. அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதென்று சின்னக் குழாயைக் கொண்டே எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்ட பழைய தமிழனை நாம் இழித்துப் பேச வரவில்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, 1769-ல் மேகத்தால் ஏமாந்துபோன லெ ஜாந்தீய் என்னும் பிரெஞ்சுக்காரர், சோழி வைத்தே கிரகணம் கணக்கிடும் முறையை இங்குள்ள தமிழர் ஒருவரிடம் பாடங்கேட்டார். 1765 ஆகஸ்ட் 30-ந் தேதி சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்குப் பிசகியது 41 வினாடி. ஐரோப்பாவின் மேயர் அட்டவணை பிசகியது 68 வினாடி. அவர்கள் வானத்தைப் பார்த்து அட்டவணையைத் திருத்திக்கொண்டே போனார்கள். நம்மவர்களோ வாக்கியத்தை வேதமாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

திருக்கணிதக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. சனி நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டதனாலேயே, ஏறக்குறைய 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் அந்த உருண்டை பாகூர்ப் பெண்ணின் கலியாணத்தைத் தடுக்கிறது என்பதும் சரியாகிவிடுமா?

பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்று, வண்டி பிடித்துப் போய், நளன் குளத்தில் முழுகி, எள் விளக்கேற்றிப் பரிகாரம் செய்கிற குடும்பங்கள் எத்தனை! 2023 ஜனவரிக்கும் டிசம்பருக்கும் நடுவே அப்படிப் போனவர்களிடம் காசு வாங்கியது மகரச் சனியா, கும்பச் சனியா என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்லட்டும்.