பழைய ஷாக்கில் புது ஸ்பிரிங் வேண்டாம்

பழைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குகிறவர்கள் முதலில் எதற்குச் செலவு செய்கிறார்கள்? பெரிய வீலுக்கும் உறுமும் சைலன்ஸருக்கும். 1998இல் வந்த பிஎம்டபிள்யூ இ46 போன்ற கார்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததோ, வளைவுகளில் அவை நடந்துகொண்ட விதம். அந்தக் குணத்தில் பெரும்பங்கு சஸ்பென்ஷனுடையது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்க, அசைவு வெப்பமாக மாறிக் கரைகிறது. சீலும் வால்வும் தேயத் தேய அந்தப் பிடி தளரும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போய் உறைக்காது. திட்டுத் திட்டாகத் தேயும் டயர்தான் காட்டிக்கொடுக்கும். கரடுமுரடான சாலையில் பிரேக் போட்டால் நிற்கும் தூரமும் கூடும். எனவே ஷாக்கை மாற்றுவது சொகுசுச் செலவல்ல, பாதுகாப்புச் செலவு. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று துருவேறி முறிவதும் உண்டு.

ஷாக்கையோ ஸ்பிரிங்கையோ மாற்றுவதென்றால் இடம் வலம் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பிரிக்கும் கூலியை இருமுறை கொடுப்பானேன்? வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி, ஓய்ந்துபோன ஷாக்கில் மாட்டுவதுதான் பெரும் தவறு. அசைய இடம் குறைந்து, அடிக்கடி முட்டி, அதில் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டீன் நிறுவனமே இயல்பான உயரத்துக்கு பி6, தாழ்த்திய வண்டிக்கு பி8 என்று தனித்தனியாகத்தான் விற்கிறது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். குதிரைசக்தியைக் கூட்டப் பணம் வைத்திருப்பவர்கள், இருக்கும் சக்தி தரையில் பிடிக்க முதலில் வழி செய்யட்டும்.