நட்சத்திரமும் நாற்காலியும்

கால்பந்துப் பந்தயம் பார்க்கிற நேயர்கள் மைதானத்தின் ஓரமாக ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, கவலை தோய்ந்த முகத்துடன் நிற்பதைக் கவனித்திருப்பார்கள். பந்து அவர் காலில் படுவதேயில்லை. ஆனாலும் கோஷ்டி நாலு பந்தயம் தொடர்ந்து தோற்றால் முதலில் வேலை போவது அவருக்குத்தான். இங்கிலாந்தில் அவருக்கு மானேஜர் என்று பெயர். இத்தாலியிலோ, ஆட்டக்காரர்கள் அவரை வெகு மரியாதையாக "மிஸ்டர்" என்று அழைக்கிறார்கள்.

இந்த "மிஸ்டர்" உத்தியோகத்துக்கு ஆள் பொறுக்குவதில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சில ஒரு விசித்திரமான வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றன. பத்து வருஷத்துக்கு முன் தங்களுக்காகப் பிரமாதமாய் விளையாடியவர் யார், எவருடைய பெயரைச் சொன்னால் கூட்டம் கைதட்டும் என்று பார்க்கிறார்கள். அவரை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுகிறார்கள். அவர் இதற்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கோஷ்டியையாவது கட்டி மேய்த்திருக்கிறாரா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

இந்த வழக்கத்தின் சிகரம் என்று இத்தாலியில் டூரின் நகரத்து ஜுவென்டஸ் கிளப் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். 2020-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி ஆந்திரேயா பிர்லோ என்பவரைத் தங்கள் இளைஞர் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக அவர்கள் அறிவித்தார்கள். மிகவும் நல்ல ஏற்பாடு. யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆகஸ்டு 7-ந் தேதி இரவு பெரிய கோஷ்டி ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேறிற்று. மறுநாள் பழைய பயிற்சியாளர் சார்ரிக்குச் சீட்டுக் கிழிந்தது. அன்றைக்கே பிர்லோ பெரிய கோஷ்டியின் அதிபதியானார். ஒன்பது நாளில் இரண்டு உத்தியோகம்! முதல் உத்தியோகத்தில் அவர் ஒரு பந்தயங்கூட நடத்தவில்லை. முதல்தர கோஷ்டிக்குப் பயிற்சி அளிப்பதற்கு வேண்டிய லைசென்ஸ்கூட அப்போது அவர் கையில் இல்லை. பிளாரன்ஸ் நகரில் கொவெர்ச்சானோ என்ற இடத்தில் உள்ள பயிற்சிப் பள்ளியில் கட்டுரை எழுதிக் கொடுத்துச் செப்டம்பர் மாதத்தில்தான் அதைப் பெற்றார். அந்த வாரக் கடைசியிலேயே லீக் பந்தயங்கள் ஆரம்பம்.

சீட்டுக் கிழிக்கப்பட்ட சார்ரியின் கதையும் சுவாரஸ்யமானதுதான். அவர் பாங்கியில் உத்தியோகம் பார்த்தவர். பெரிய ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. சிறு ஊர்க் கோஷ்டிகளில் ஆரம்பித்துப் படிப்படியாய் ஏறி, அறுபது வயது கடந்த பிறகு அந்த வருஷம் ஜுவென்டஸுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அது தொடர்ச்சியாக ஒன்பதாவது பட்டம். பட்டம் வாங்கிய மனிதரை அனுப்பிவிட்டு, பந்தயமே நடத்தாத மனிதரை அமர்த்தினார்கள்.

பிர்லோவின் ஆட்டத்தைப் பற்றி இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. 2006-ம் வருஷம் இத்தாலி உலகக் கோப்பையை ஜயித்தபோது அந்தக் கோஷ்டியின் மூளையாக இருந்தவர் அவர். ஓடமாட்டார், அவசரப்படமாட்டார். தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்ப்பார். நாற்பது கஜத்துக்கு அப்பால் ஓடுகிறவனுடைய கால் எங்கே போய்ச் சேரப் போகிறதோ, அங்கே பந்து முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். ஆனால் இந்த வித்தையை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நம் வீட்டுப் பாட்டியிடம், "ரஸத்துக்கு உப்பு எவ்வளவு போடுகிறாய், பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் கண் திட்டந்தான்" என்பாள். அவளுடைய ரஸத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கண் திட்டத்தை நம்பி இருபத்தைந்து பேருக்குச் சமையல் வகுப்பு நடத்த முடியாது. பாட்டி சமைத்ததையெல்லாம் இருபது வருஷம் எட்டி நின்று கவனித்து, தான் கரித்தும் தீய்த்தும் கற்றுக்கொண்ட மருமகள் ஒருவேளை நடத்துவாள்.

மானேஜரின் வேலை பந்தோடு முடிகிற வேலையுமல்ல. அவரிடம் இருபத்தைந்து ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பந்தயத்தில் இறங்குகிறவர்கள் பதினொருவர். மற்றப் பதினான்கு பேருக்கும் வாராவாரம் மனத்தாங்கல். அவர்களில் ஒவ்வொருவனும் லட்சாதிபதி; ஒவ்வொருவனுக்கும் ஓர் ஏஜெண்டு; ஏஜெண்டுக்கு வேண்டிய பத்திரிகைக்காரர் ஒருவர். எதிராளி இடைவேளையில் வியூகத்தை மாற்றினால் பதினைந்து நிமிஷத்துக்குள் பதில் வியூகம் கண்டுபிடிக்க வேண்டும். யாருக்குத் தட்டிக் கொடுக்க வேண்டும், யாரை அதட்ட வேண்டும் என்பதெல்லாம் அனுபவத்தில் வருகிறது. அனுபவம் என்பதோ பெரும்பாலும் தோல்விதான்.

அந்த வருஷம் ஜுவென்டஸ் நாலாவது இடத்தில் வந்தது. அந்த நாலாவது இடமும் கடைசி நாள் பந்தயத்தில்தான் உறுதியாயிற்று. மார்ச்சு மாதத்தில் சொந்த மைதானத்தில் பெனவென்டோ என்ற சின்னக் கோஷ்டி அவர்களை ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இரண்டு கோப்பைகள் கிடைத்தன என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். மேலும் அது பெருந்தொற்றுக் காலம். மைதானங்கள் காலியாயிருந்தன, பயிற்சிக்கு அவகாசமே இல்லை. பிர்லோ முட்டாளுமல்ல, சோம்பேறியுமல்ல. ஆயினும் 2021-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல்தான் கதையில் ரஸமான இடம் வருகிறது. ஜுவென்டஸின் ஒன்பது வருஷ ராஜ்யத்தை அவ்வருஷம் கவிழ்த்தது மிலான் நகரத்து இன்டர் கோஷ்டி. அதன் பயிற்சியாளர் யார்? அன்டோனியோ கான்டே. இவரும் பழைய ஜுவென்டஸ் ஆட்டக்காரர்தான். அந்தக் கோஷ்டிக்குத் தலைவராகவே இருந்தவர். ஆனால் இவர் ஆட்டத்தை நிறுத்தியதும் நேரே நாற்காலிக்கு வந்துவிடவில்லை. 2006-ம் வருஷம் அரெட்ஸோ என்ற சிறிய ஊரின் கோஷ்டிக்குப் பொறுப்பேற்றார். நடுவிலே வேலை போயிற்று. திரும்ப அழைத்தார்கள். அப்படியும் அந்தக் கோஷ்டி கீழ் வகுப்புக்கு இறங்கிற்று. பிறகு பாரி என்ற ஊர். அங்கே கோஷ்டியை முதல் வகுப்புக்கு உயர்த்தினார். பிறகு அட்டலான்டா, அங்கே ரசிகர்களோடு ஒத்துப்போகாமல் விலகினார். பிறகு ஸியெனா, மறுபடியும் முதல் வகுப்புக்கு ஏற்றம். இவ்வளவும் ஆனபிறகு 2011-ல்தான் ஜுவென்டஸ் கூப்பிட்டது. அந்த ஒன்பது பட்டங்களில் முதல் மூன்றும் அவர் வாங்கிக் கொடுத்தவை. அந்த மூன்று வருஷமும் அவருக்குக் கீழே விளையாடியவர் சாக்ஷாத் பிர்லோவேதான்!

அரெட்ஸோவில் கான்டே செய்த தப்புகளைப் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர். அவற்றை மறந்துவிட்டார்கள், அவரும் திருத்திக்கொண்டார். பிர்லோ அதே தப்புகளை டூரினில் உலகம் முழுவதும் பார்க்கச் செய்ய வேண்டியதாயிற்று. பிற்பாடு அவர் துருக்கியில் ஒரு கிளப்புக்குப் போனார். அப்புறம் இத்தாலியின் இரண்டாம் வகுப்பில் ஸாம்ப்டோரியாவுக்கு வந்தார். 2024 ஆகஸ்டில் அங்கேயும் வேலை போயிற்று. ஏணியில் மேல்படியில் ஆரம்பித்து இறங்கி வந்தவருக்குக் கீழ்ப்படியில் கற்க வேண்டிய பாடத்தை யார் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்?

டைரக்டர்களைக் கேட்டால் தயாராகப் பதில் வைத்திருக்கிறார்கள். "கார்டியோலா இல்லையா? ஸிடான் இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள். 2008-ல் பார்ஸலோனா கிளப் கார்டியோலாவை அமர்த்தியபோது அவரும் புதியவர்தான். ஒரே வருஷத்தில் மூன்று பெரிய பட்டங்களை வாங்கினார். ஆனால் அதற்கு முந்திய வருஷம் அவர் எங்கே இருந்தார் என்பதை டைரக்டர்கள் சொல்லமாட்டார்கள். அதே கிளப்பின் இரண்டாம் கோஷ்டியை ஸ்பெயினின் நாலாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தார். ஸிடான் ஒரு வருஷம் அன்சலாட்டி என்ற பழுத்த பயிற்சியாளரிடம் உதவியாளர்; பிறகு ஒன்றரை வருஷம் ரியல் மாட்ரிடின் இரண்டாம் கோஷ்டியில் உழைப்பு. 1985-ல் லிவர்பூல் கிளப் இன்னும் ஆடிக்கொண்டிருந்த டால்கிளிஷையே மானேஜராக்கியது. முதல் வருஷமே லீக் பட்டமும் கோப்பையும் கிடைத்தன. உண்மைதான். ஆனால் பழைய மானேஜர் பெய்ஸ்லி யோசனை சொல்லப் பக்கத்திலேயே இருந்தார். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சிறுபிள்ளை குடித்தனம் நடத்தலாம்.

பின்னே டைரக்டர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கிளப்பின் விவகாரம் சீர்கெட்டு, கூட்டம் டைரக்டர்களைப் பார்த்துக் கூச்சல் போட ஆரம்பிக்கும்போது, அவர்களுக்கு ஒரு கேடயம் வேண்டியிருக்கிறது. யாரைப் பார்த்தால் கூட்டம் கூச்சல் போடாதோ, அவரே நல்ல கேடயம்.

இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நியூகாஸில் நகரத்தில் 2009-ல் நடந்தது இதுதான். அந்த ஒரு வருஷத்திலேயே மானேஜர் நாற்காலி பல பேரிடம் கைமாறியிருந்தது. ஆலன் ஷியரர் அந்த ஊர்ப் பிள்ளை. தகரத் தொழிலாளியின் மகன். கிளப்புக்காக 206 கோல் போட்டவர். எட்டுப் பந்தயங்களே மிச்சமிருந்தபோது, ஏப்ரல் 1-ந் தேதி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். (தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.) ஊரே திரண்டு வந்து கோஷமிட்டது. ஒரு வெற்றி, இரண்டு சமம், ஐந்து தோல்வி. கடைசிப் பந்தயத்தில் சமமாக முடித்திருந்தால் பிழைத்திருக்கலாம். நியூகாஸில் ஆட்டக்காரர் ஒருவருடைய காலிலேயே பந்து பட்டுத் திரும்பித் தங்கள் கோலுக்குள்ளே போயிற்று. பதினாறு வருஷம் முதல் வகுப்பில் இருந்த கிளப் இறங்கிவிட்டது.

ஷியரரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. அவர் அதற்குப் பிறகு எந்தக் கிளப்புக்கும் மானேஜராகவுமில்லை. டெலிவிஷனில் பிறருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்; நன்றாகவே பேசுகிறார். அவருக்குள் ஒரு நல்ல மானேஜர் இருந்தாரா என்பதைக் கண்டுபிடிக்க எட்டு வாரம் போதவில்லை.

இறங்கிய கோஷ்டியை யார் கையில் கொடுத்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். கிறிஸ் ஹியூட்டன் என்று ஒருவர். டாட்டன்ஹாம் கிளப்பில் பல வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருந்து, நியூகாஸிலுக்கும் உதவியாளராகவே வந்தவர். மற்றவர்கள் வந்து போகும்போதெல்லாம் தற்காலிகமாக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவர். அவர் பெயரைச் சொன்னால் தெருவில் கூட்டம் கூடாது. அடுத்த வருஷம் 102 பாயிண்டு எடுத்து, இரண்டாம் வகுப்பில் முதலாவதாக வந்து, கோஷ்டியை மறுபடி மேலே கொண்டுவந்து சேர்த்தார். 2010 டிஸம்பரில், முதல் வகுப்பில் கோஷ்டி நடுவாந்தரமான இடத்தில் சௌக்கியமாக இருந்த சமயத்தில், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்னும் அதிக அனுபவமுள்ள ஒருவர் வேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.