குலை நம்மோடது, கழிவு யாரோடது?

செம்பனை ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கிறாங்க, எரிபொருள் எடுக்கிறாங்க, நாரிலிருந்து மெத்தை செய்றாங்கன்னு அடிக்கடி செய்தி வருது. நல்ல விஷயம்தான், நான் மறுக்கலை. ஆனா அந்தச் செய்தியில ஒரு ஆளை மட்டும் காணோம். குலையை வெட்டி, கைவண்டியில தள்ளிக்கிட்டு வந்து, லாரியில ஏத்தி அனுப்புற ஆள். அதாவது நாம.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் குலை ஆலைக்குள்ள போனா ஏறக்குறைய 200 கிலோ எண்ணெய் வருது, 50 கிலோ பருப்பு வருது. மிச்சம் என்ன ஆகுது? பழம் உதிர்ந்த வெறுங்குலை சுமார் 220 கிலோ. நார் 130 கிலோ. கொட்டை ஓடு 60 கிலோ. இது போக 600, 700 லிட்டர் கழிவுத்தண்ணி. நமக்கு விலை போடுறது எப்படி? எண்ணெய் எடுப்பு விகிதத்துல 1 விழுக்காட்டுக்கு இத்தனை வெள்ளின்னு கணக்கு. அந்தக் கணக்குல இருக்கிறது எண்ணெயும் பருப்பும் மட்டும்தான். மத்ததெல்லாம் கழிவு. கழிவுன்னு பேர் வெச்சுட்டா விலை சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலத்துல இது நியாயம்தான். ஆலைத் தண்ணியை அப்படியே ஆத்துல விட்டா மீன் செத்து மிதக்கும். அதனாலதான் 1977-ல மலேசியாவுல தனிச் சட்டமே போட்டாங்க. ஆலையிலிருந்து வர்ற தண்ணியில உயிர்வளித் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதைப் படிப்படியா 100-க்குக் கொண்டு வரணும்னு உத்தரவு. ஆலைக்காரங்க குளம் குளமா வெட்டித் தண்ணியைச் சுத்தம் பண்ணினாங்க. அன்னிக்குக் கழிவு அவங்களுக்குத் தலைவலி, செலவு. அதுல பங்கு கேட்க யாரும் போகலை.

இன்னிக்கு நிலைமை வேற. அந்தக் குளத்தை மூடி போட்டு மூடினா மீத்தேன் வாயு கிடைக்குது. ஒரு டன் கழிவுத்தண்ணிக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு. 2014-லிருந்து புது ஆலைகள் இந்த வாயுவைப் பிடிச்சே ஆகணும்னு விதி இருக்கு. கொட்டை ஓடு கப்பலேறி ஜப்பான் மின் நிலையத்துக்குப் போகுது. வெறுங்குலையை அரைச்சு, காயவெச்சு, எரிகட்டியா விக்கிறாங்க. கழிவுத்தண்ணி மேல மிதக்கிற எண்ணெயை வழிச்செடுத்து எரிபொருள் செய்ய அனுப்புறாங்க.

இதுல ஐரோப்பாவோட கூத்தைக் கேளுங்க. 2018-ல அவங்க போட்ட சட்டப்படி, காட்டை அழிக்குதுன்னு சொல்லி, பாமாயில்ல செஞ்ச எரிபொருளை 2030-க்குள்ள ஒதுக்கணும். அதே சட்டத்தோட பட்டியல்ல செம்பனை ஆலைக் கழிவுத்தண்ணியும் வெறுங்குலையும் உயர்தர எரிபொருளுக்கான மூலப்பொருள். எண்ணெய் கெட்டபிள்ளை, கழிவு நல்லபிள்ளை! கழிவு எண்ணெய்க்கு மவுசு கூடிப்போய், 2025 ஜனவரியில இந்தோனேசியா அதோட ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு போட்டுச்சு. ஒரு நாடு கட்டுப்பாடு போட்டுக் காக்கிற பொருளுக்கு, நம்ம ரசீதுல ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. குலையில காம்பு நீளமா இருந்தா நமக்குப் பிடித்தம். எண்ணெய் இல்லாத எடையாம். சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் காம்பும் வெறுங்குலையோட சேர்ந்துதானே அரைபடுது? உள்ளே வரும்போது அது குத்தம், வெளியே போகும்போது சரக்கா?

ஆலைக்காரங்க கேட்பாங்க: "வாயுக்கலன் கட்ட, இயந்திரம் வாங்கப் பணம் போட்டது யாரு?" நீங்கதான். லாபம் எடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா இயந்திரம் வாங்கினதால மூலப்பொருள் இலவசம்னு எந்தத் தொழில்ல வழக்கம்? "குலையை மொத்தமாத்தானே வாங்கினோம்"னு சொல்வாங்க. மொத்தமா எடுத்துக்கிட்டீங்க, எண்ணெய்க்கும் பருப்புக்கும்தான் காசு கொடுத்தீங்க.

காசைவிட எனக்குப் பெரிய கவலை மண்ணு. ஒரு டன் வெறுங்குலையில இருக்கிற சாம்பல் சத்து, ஏறக்குறைய 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். 5 ஏக்கர்ல வருஷத்துக்கு 30 டன் குலை வெட்டுறவர் 6, 7 டன் வெறுங்குலையை ஆலைக்குக் கொடுத்துட்டு வர்றார். பொட்டாஷ் கணக்குல 2 மூட்டைக்கு மேல. அதை வேற நாட்டுல எரிக்க அனுப்பிட்டு, கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பல்ல வர்ற பொட்டாஷை நாம காசு கொடுத்து வாங்குறோம். சொந்த ஆலை வெச்சிருக்கிற பெரிய தோட்டங்கள் வெறுங்குலையைத் திரும்பத் தன் மரத்தடியிலேயே பரப்புது. அவங்களுக்குத் தெரியுது அதோட அருமை. நாட்டுல செம்பனைப் பரப்புல கால்வாசிக்கு மேல சிறு தோட்டக்காரங்க கையில இருக்கு. அந்த மண்ணு மட்டும் வருஷா வருஷம் கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?

நான் கேட்கிறது மூணு.

ஒண்ணு, குலை இறக்கிட்டு வெறுமையா திரும்புற லாரியில, வேணும்கிறவங்களுக்கு அவங்க பங்கு வெறுங்குலையைத் திருப்பிக் கொடுங்க. நாம ஒரே அடுக்கா பரப்பிக்கிறோம். குவிச்சுப் போட்டா காண்டாமிருக வண்டு முட்டை போடும்னு நமக்கும் தெரியும்.

ரெண்டு, திருப்பிக் கொடுக்க முடியாதுன்னா, விலைக் கணக்குல எண்ணெய், பருப்போட ஓடு, வெறுங்குலை, கழிவு எண்ணெய், வாயு எல்லாத்துக்கும் ஒரு பங்கு சேருங்க. சின்னப் பங்கா இருந்தாலும் பரவாயில்லை, ரசீதுல எழுத்துல இருக்கணும்.

மூணு, இது நமக்கு. தனியா போய்க் கேட்டா, "இஷ்டம்னா போடு, இல்லைன்னா வேற இடம் பாரு"ன்னுதான் பதில் வரும். 5 ஏக்கர்காரன் குரல் தராசு வரைக்கும்கூட எட்டாது. கூட்டுறவா 50 பேர், 100 பேர் சேர்ந்து குலை போட்டா பேச்சே மாறும். ஒரு லாரி குலை வேற ஆலைக்குத் திரும்பினா யாருக்கும் தெரியாது, ஒரு கம்பத்துக் குலையே திரும்பினா தெரியும்.

கழிவு தங்கமாகுதுன்னு பேசுறவங்க தாராளமா பேசட்டும். அந்தத் தங்கத்துல நம்ம மரத்தோட சத்தும் இருக்கு. அடுத்த தடவை குலை போடும்போது, விலை கேட்கிறதோட நிறுத்தாம, வெறுங்குலை என்னாச்சுன்னும் கேளுங்க. கேட்டுப் பழகினாத்தான் பதில் சொல்லிப் பழகுவாங்க.