நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு

கால்நடை மருத்துவரின் மேசைக்கு எதிரே வந்து நிற்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றேதான்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு.” சாக்கில் சுருண்டு கிடக்கும் நாய்க்குட்டிக்கும் இதே வாக்கியம், கட்டைப் பையிலிருந்து தலையை மட்டும் நீட்டும் பூனைக்கும் இதே வாக்கியம். “சாப்புட்டு எத்தன நாளாச்சுங்க?” என்று மருத்துவர் கேட்பார். அப்பா யோசிப்பார். கூட வந்த பையன் முந்திக்கொள்வான்: “மூணு நாளாச்சுங்க சார்.” அப்பா மகனைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். வைத்தியம் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

கணியூர், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ஊர். அமராவதியின் பழைய வாய்க்கால்களில் ஒன்று இந்த ஊரின் பெயரிலேயே ஓடுகிறது. நெல், கரும்பு, தென்னை என்று இருக்கும் பாசனப் பக்கம். இந்த வட்டாரத்தில் கால்நடை மருந்தகத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘மாட்டாஸ்பத்திரி’. சினை ஊசிக்கு மாடு வரும், கழிச்சலுக்கு ஆடு வரும், வெள்ளைக் கழிச்சல் ஊசிக்குக் கோழி வரும். நாய்க்கு நோவு என்றால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி விடுவார்கள், பிழைத்தால் பிழைத்தது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது மாட்டுக்குப் பின்னால் அதே வரிசையில் லேப்ரடாரும் பொமரேனியனும் சிப்பிப்பாறையும் நிற்கின்றன, மடியில் பூனையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவப் படிப்பு, 2020-இல் பக்கத்து உடுமலைப்பேட்டைக்கே ஒரு கல்லூரியாக வந்து சேர்ந்திருக்கிறது.

மாறாதது அந்த முதல் வாக்கியம் மட்டும்தான்.

அதைச் சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. நாயும் பூனையும் நோவை மறைக்கிற பிராணிகள். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்; வெயிலுக்குப் படுத்திருக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். நாய் சோற்றைத் தொடாது. நேற்றுக் கறி போட்டோம், அந்த ருசியில் இன்று வெறும் சோறு இறங்கவில்லை என்பார்கள். மூக்கு ஈரமாக இருந்தால் சரியாகிவிட்டது என்பது இன்னொரு நம்பிக்கை. மருத்துவர் மூக்கைத் தொடுவதில்லை, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, மஞ்சளாக இருந்தால் காமாலை. வீட்டிலேயே பார்க்கக்கூடிய காரியம்தான்.

வெளுத்த ஈறோடு வருகிற நாயின் காது மடலைப் புரட்டினால் பாதிக் கதை தெரிந்துவிடும். உண்ணி. கடித்து ரத்தம் குடிக்கும்போது நாயின் ரத்தத்தில் நுண்கிருமியை ஏற்றிவிடும். காய்ச்சல் வரும், தட்டணுக்கள் குறையும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். இந்த உண்ணிக் காய்ச்சலுக்குத் தமிழ்நாட்டோடு பழைய உறவு உண்டு. நாயின் சிவப்பணுவுக்குள் குடியேறும் பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணியை 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர் விவரித்து எழுதியபோது, அதற்கு ரத்தம் கொடுத்தவை ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற வேட்டைக் கழகத்தின் நாய்கள். நரிகளின் ரத்தத்திலும் பிறகு அதைக் கண்டார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கிருமி இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சகபாடியான எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டிவிட்டால் மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதம் கழித்து அதே நாய், அதே வாக்கியம். உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுவதும் வீண். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. கூண்டையும் திண்ணையையும் சுவர் இடுக்கையும் விட்டுவிட்டு நாயை மட்டும் குளிப்பாட்டுவது, பாத்திகளை விட்டுவிட்டு வரப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல.

“ஒரு ஊசி போட்டாச்சுங்களே!” இது பார்வோ வந்த குட்டியின் வீட்டார் சொல்வது. ரத்தக் கழிச்சலும் ஓயாத வாந்தியுமாக இரண்டே நாளில் குட்டியைத் துணிபோல ஆக்கிவிடும் இந்த வைரஸ், 1978 வாக்கில்தான் உலகின் பல நாடுகளில் ஒரே நேரத்தில் தலைகாட்டியது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வீட்டுக்குள் வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் ஆகும் வரை தொடர வேண்டும் என்பது கணக்கு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிறவரை ஊசி பிடிக்காது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், ஊசி விற்பதற்காக அல்ல. பல ஆயிரம் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர் சில நூறு ரூபாயில் கணக்குப் பார்த்து, கடைசியில் சலைன் பாட்டிலுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார். அந்தச் சலைனும் வைரஸைக் கொல்லாது. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டிக் குட்டி தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே.

திருப்பூர் மாவட்டத்தில் எந்த வீட்டுக்குள்ளும் நூல் இல்லாமல் இராது. கம்பெனி வண்டியில் ஏறிப் போய் ஓவர்லாக் ஓட்டிவிட்டு வருகிறவரின் துணியோடு நூல் வரும். பீஸ் ரேட்டுக்கு வீட்டில் பிசிறு வெட்டினால் தரையெல்லாம் நூல். பூனைக்கு அது விளையாட்டுச் சாமான். அதன் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. அதனால் நூலின் ஒரு நுனி நாக்கில் ஏறிவிட்டால் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொண்டு நிற்க, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைக் கீழே தள்ளத் தள்ள, நூல் நகராமல் குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொள்ளுமே, அதே கதி. நாள் ஆக ஆக நூல் ரம்பம்போல அறுத்துக் குடலில் ஓட்டை போடும்.

இந்த நோயில் வீட்டார் செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு, நூல் வெளியே தெரிந்தால் இழுப்பது. வாயில் தொங்கினாலும் சரி, வாலுக்கடியில் தொங்கினாலும் சரி, இழுக்கக் கூடாது. “நானே உருவிட்டேனுங்க டாக்டர்” என்று பெருமையாகச் சொல்லப்படும் வாக்கியத்தைக் கேட்டதும் மருத்துவர் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிவிடுவார். வாந்தி எடுக்கிற பூனையின் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கிப் பார்ப்பது அதனால்தான். அங்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டது.

தென்னந்தோப்புக்குக் காவல் கிடக்கும் நாயின் வியாதி வேறு. விடியற்காலையில் முகம் பூசணிபோல வீங்கி வரும். “பூச்சி ஏதோ கடிச்சிருச்சுங்க.” இருட்டில் பாம்பைப் பாம்பென்று சொல்லாத வழக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. நாய் மூக்கை நீட்டி மோந்து பார்க்கிற பிராணி. கடி முகத்திலோ முன்னங்காலிலோதான் அதிகம் விழும். அதற்குக் கொடுக்கிற மருந்து மனிதனுக்குக் கொடுக்கிற அதே நஞ்சுமுறிவு மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிப்பது. மகாபலிபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சு இந்த மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. மருந்து கிடைத்தாலும் கடிபட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதுதான் கேள்வி. ‘பூச்சி’ என்று சொல்லிக் காலைவரை காத்திருந்தால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்காது.

எல்லாவற்றிலும் அபாயமான வாக்கியம் ஒன்று உண்டு: “தொண்டையில எலும்பு மாட்டியிருக்குங்க.” நாயின் கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, தண்ணீர் இறங்கவில்லை. வீட்டிலிருப்பவர் ஏற்கெனவே வாய்க்குள் கைவிட்டுத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். எலும்பாகவும் இருக்கலாம். வெறிநோயின் வாத வகையாகவும் இருக்கலாம். சினிமாவில் காட்டுவதுபோல எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. சில நாய்கள் சாதுவாக மூலையில் படுத்து, தாடை இழுபட்டு, சில நாளில் சாகும். அந்த எச்சில் கையிலுள்ள கீறலில் பட்டாலே போதும். அதனால் அனுபவப்பட்ட மருத்துவர், எலும்பு என்று கேட்டதும் கையுறையைத் தேடுவார். ஊசி போட்ட நாயா, போன மாதம் தெருவில் ஏதாவது கடித்ததா, வீட்டில் யார் யார் தொட்டார்கள் என்று வரிசையாகக் கேட்பார்.

இந்தப் பயத்துக்கும் கொங்கு நாட்டுப் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1902-இல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அப்போது கடிபட்டவர்கள் வடக்கே இமயமலையடியில் உள்ள கசௌலிக்குத்தான் ரயிலேற வேண்டியிருந்தது. தென்னிந்தியாவுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்து, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. இன்று நாய்க்கு மூன்று மாதத்தில் ஓர் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிற தேதியில் மறு ஊசி, அப்புறம் ஆண்டுதோறும். கடிபட்ட மனிதர் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதனுக்கும் நாய்க்கும் மருந்து இல்லை.

கடைசியாக ஒரு வாக்கியம்: “ஒண்ணும் குடுக்கலீங்க.”

இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். மருத்துவர் விடமாட்டார். “காய்ச்சல் மாத்திரை ஏதாச்சும்?” “அரை மாத்திரைதானுங்க, பால்ல கரைச்சு…” பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றுகிற வேலையை நம் கல்லீரல் செய்வதுபோலப் பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பாகிவிடும், ஈறு மண்நிறமாகும், முகம் வீங்கும். மாற்று மருந்து இருக்கிறது. மாத்திரை போன நேரம் தெரிந்தால் அதற்கு வேலை உண்டு. நாய்க்கு இடுப்பு வலி என்று பாட்டியின் வலி மாத்திரையைக் கொடுத்தால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். சொறிக்கு வண்டியின் வேஸ்ட் ஆயிலைத் தடவுவார்கள்; நாய் அதை நக்கியே வயிற்றுக்குள் அனுப்பும். புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றுவார்கள். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரைப் பூனைக்கும் தூவுவார்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். எல்லாம் பிரியத்தில் செய்தவைதான். திட்டு விழுமோ என்ற கூச்சத்தில் மறைப்பவையும் இவைதான்.

திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். அடுத்த முறை போகும்போது கொடுத்த மாத்திரையின் அட்டை, எலி மருந்து வைத்திருந்தால் அதன் டப்பா, வாந்தியைச் செல்போனில் எடுத்த படம், ஊசி அட்டை, இந்த நான்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோறு கடைசியாக எப்போது தின்றது என்று வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.