வேலியில்லா வயல்கள் நிலைக்க வேண்டும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் காணச் செல்வோர் பழைய மாதா கோயிலையும் அமைதியான தெருவையும் படம் பிடித்துக் கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்திலுள்ள லாக்ஸ்டன் கிராமத்தை அப்படிப் பார்த்துவிட்டு வருவது விவசாயிக்கு அழகல்ல. அங்கே காண வேண்டியது ஊருக்கு வெளியே இருக்கிறது.

லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் வயல் நடுவே இல்லை. தெருவை ஒட்டி வரிசையாக உள்ளன. வயலோ மூன்று பெரும் பரப்புகள். அவற்றில் ஒவ்வொரு விவசாயிக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு நிலங்கள் உண்டு. நடுவே வேலி கிடையாது. நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்க இந்த ஏற்பாடு உதவியது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் இவ்வாறுதான் சாகுபடி நடந்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் மூலம் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலியிடப்பட்டது. அதனால் விளைச்சல் பெருகியது என்பார் உண்டு. ஆனால் பொது மேய்ச்சலை நம்பி ஒரு பசு வளர்த்த ஏழைக்குக் கிடைத்தது என்ன? பலர் கூலிக்காரர் ஆனதுதான் மிச்சம். லாக்ஸ்டனின் மூன்று வயல்கள் தப்பின. 1635-ல் மார்க் பியர்ஸ் வரைந்த நில வரைபடம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது.

பயிர்ச் சுழற்சி

முதலாண்டு குளிர்காலக் கோதுமை. அடுத்த ஆண்டு வசந்த காலப் பயிர். மூன்றாம் ஆண்டு தரிசு அல்லது தீவனப் புல். இதுவே இவ்வூர் முறை. நிலத்துக்கு ஓய்வு கிடைக்கிறது, களையும் கட்டுப்படுகிறது. உழவுக்கு ஏற்காத ஈரமான, சரிவான இடங்கள் புல்தரையாக விடப்பட்டுள்ளன. அவற்றின் வைக்கோற்புல்லை அறுக்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. காட்டுப்பூக்கள் செழித்த இப்புல்தரைகள் பாதுகாக்கப்பட்டவை.

ஊரார் மன்றம்

நவம்பர் இறுதியில் ஊர் விவசாயிகளே நடுவர்களாகி, புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பாதையையோ பொதுப் புல்தரையையோ யாராவது உழுது சேர்த்துக் கொண்டிருந்தால் குறித்துக் கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து 'டவ்கோட்' விடுதியில் 'கோர்ட் லீட்' என்ற மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் குறைத்தபோதும் லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எல்லைத் தகராறு முற்றிப் பகையாகும் முன் அடுத்த வயல்காரரே அதைத் தீர்த்து வைப்பது எவ்வளவு நல்லது! அவ்வூரின் அமைதிக்கு இதற்கும் பங்குண்டு.

யார் பொறுப்பு?

இந்நிலத்தின் உடைமை பலமுறை கைமாறியது. மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952-ல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-ல் அது கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-ல் பழைய பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. உடைமையாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இம்முறையை விட்டுவிடலாகாது. பெரிய இயந்திரங்களைத் துண்டு நிலத்தில் திருப்புவது சிரமம். மூன்றாண்டுக்கு ஒருமுறை தானிய வருவாயும் குறைகிறது. இந்த இழப்பை ஒரு சில குடும்பங்கள் மட்டும் சுமப்பது நியாயமா? தரிசுக்கும் புல்தரைக்கும் அரசு தகுந்த ஈட்டுத்தொகை தர வேண்டும். இதை வீண் செலவு என்று கருதக்கூடாது.

கோட்டையைக் காப்பதற்குக் காவலாள் போதும். வயலைக் காப்பதற்கு உழவன் வேண்டும். அவனுக்கு உழவு கட்டுப்படியாகவும் வேண்டும். அது இல்லையேல் லாக்ஸ்டன் வரைபடத்தில் மட்டுமே மிஞ்சும்.