பொட்லக்கில் முழங்கும் சிட்டிசன் பெருமக்களுக்கு...

அமெரிக்காவில் நம்மாட்கள் கூடும் பொட்லக்குகளில் ஒரு கோஷ்டி கட்டாயம் இருக்கும். கையில் சமோசா, வாயில் அரசியல். அதிபர் தேர்தல் வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். பென்சில்வேனியாவில் எந்த கவுன்ட்டி எந்தப் பக்கம் சாயும் என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அதே கோஷ்டியிடம் ரெண்டு வருஷம் கழித்து, "இடைப்பருவத் தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எப்போ வந்துச்சு?" என்பார்கள்.

இடைப்பருவத் தேர்தலை நம்ம ஊர் இடைத்தேர்தலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கவரும் பிரியாணியும் கிடையாது :-) அதிபரின் நான்கு வருஷப் பதவிக்காலம் பாதியில் இருக்கும்போது வருவது இது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 100 இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும், 36 மாநில ஆளுநர் பதவிகளுக்கும் ஒரே நாளில் ஓட்டு. 2026-ல் அந்த நாள் நவம்பர் 3. சட்டம் இயற்றுகிற சபை மொத்தமும் மாறக்கூடிய தேர்தலுக்கு நம்மாட்கள் கொடுக்கும் மரியாதை, கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

நம்மாட்கள் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான். 2016 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முந்தைய 2014 இடைப்பருவத் தேர்தலில் சுமார் 36 சதவீதம்தான். 1942-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக விழுந்ததே இல்லை. 2018-ல் ரோஷம் வந்து சுமார் 50 சதவீதம் ஆனது. அதற்கே, "நூறு வருஷத்தில் இல்லாத கூட்டம்" என்று கொண்டாடினார்கள். பாதிப் பேர் வீட்டில் இருந்ததற்குக் கொண்டாட்டம்!

சரி, வீட்டில் இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்? அந்த 2014-ஐயே எடுத்துக்கொள்வோம். அந்தத் தேர்தலில் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா மெரிக் கார்லண்டை நியமித்தார். செனட் ஒரு விசாரணைகூட நடத்தாமல் அதை அப்படியே ஊறப் போட்டது. 2017-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீல் கோர்சச். 2022-ல் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ தீர்ப்பை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளில் அவரும் ஒருவர். அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று நான் இங்கே ஜல்லி அடிக்கப் போவதில்லை. பிடித்தவர்கள் 2014-ல் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லட்டும். பிடிக்காதவர்கள் அன்றைக்கு சோஃபாவில் கிடந்தவர்களைப் போய்க் கேட்கட்டும்.

"லட்சக்கணக்கான ஓட்டில் என் ஒத்த ஓட்டு என்னத்த கிழிக்கப் போகுது?" இது அடுத்த அஸ்திரம். 2022-ல் அரிசோனா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் விழுந்தது சுமார் 25 லட்சம் ஓட்டு. மறு எண்ணிக்கை முடிந்தபோது கிரிஸ் மேய்ஸ் ஜெயித்தது 280 ஓட்டில். ஒரு பெரிய தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டம் அது! 2024-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1864-ம் வருஷத்துக் கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தபோது, அதன்கீழ் யார்மீதும் வழக்குத் தொடர மாட்டேன் என்று சொன்னது இதே மேய்ஸ்தான். அந்த 280 பேர் அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கலாம்.

இன்னும் வேண்டுமா? 2017-ல் வர்ஜீனியா மாநில சட்டசபையின் 94-வது தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு. 2018 ஜனவரியில் ஒரு கிண்ணத்தில் இரண்டு பேரையும் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பொறுத்துத்தான் சபையில் 51-க்கு 49 பெரும்பான்மையா, 50-க்கு 50 இழுபறியா என்பதே இருந்தது. அந்தத் தொகுதியில் சோம்பலால் போகாத ஒவ்வொருவரும் குடவோலைக்கு வழிவிட்டவர்கள்தான்.

இதெல்லாம் ஊர்க்கதை என்பீர்கள். நம்ம கதைக்கே வருகிறேன். நம்மாட்கள் கூடினால் அரசியலுக்கு அடுத்தபடியாகப் புலம்புவது கிரீன் கார்டு வரிசை பற்றி. வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்கிற உச்சவரம்பு, எல்லாம் 1990-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம். எந்த அதிபரும் ஒரு கையெழுத்தில் மாற்றிவிட முடியாது. வேலைவழிக்கு அந்த நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. அந்தச் சபை 2018 இடைப்பருவத் தேர்தலில் வந்தது என்பதைக் கவனியுங்கள். செனட் 2020 டிசம்பரில் திருத்தி நிறைவேற்றியது. இரண்டு சபையும் ஒரே வடிவத்துக்கு வராமல், பதவிக்காலம் முடிந்து மசோதா செத்தது.

இப்போது சொல்லுங்கள். வரிசையில் நிற்கிறவனுக்கு ஓட்டு இல்லை. வரிசையைத் தாண்டி வந்து, கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்த அண்ணனுக்கு ஓட்டு இருக்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை மீட்டிங் இருக்கிறது. என் கோபமெல்லாம் இதில்தான். தொகுதி எம்.பி. யாரைக் கண்டு பயப்படுவார்? வந்து ஓட்டுப் போடுகிறவரைக் கண்டு. பதிவாகி இருந்தும் வராத கூட்டத்தை எந்தக் கட்சி மதிக்கும்?

இந்த ஓட்டு நமக்குச் சும்மா வந்ததும் இல்லை. 1923-ல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. கதவு திறந்தது 1946-ல், நாடாளுமன்றம் போட்ட இன்னொரு சட்டத்தால். குடியுரிமை வாங்கிய தலீப் சிங் சௌந்த், 1956-ல் கலிஃபோர்னியாவில் ஜெயித்து அதே நாடாளுமன்றத்துக்குள் போனார். அவர்கள் கேட்டு வாங்கியதை நாம் மீட்டிங்குக்காக விடுகிறோம்.

நியாயமான குறைகளும் உண்டு, மறுக்கவில்லை. இந்தியாவில் ஓட்டு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டமே இருக்கிறது. இங்கே 19-ம் நூற்றாண்டில் விவசாயிகளின் வண்டிப் பயணத்துக்குத் தோதாக வைத்த செவ்வாய்க்கிழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தொகுதி எல்லையைக் கோணல் மாணலாக வரைந்து, முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். ஆனால் பல மாநிலங்களில் அதை வரைவது யார்? மாநில சட்டசபை. அந்த சட்டசபையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் போகாத அதே தேர்தல். கோணலை நிமிர்த்தவும் அங்கேதான் போயாக வேண்டும்.

ஆகவே அண்ணன்மாரே, அக்காமாரே, வீடு மாறியிருந்தால் பதிவைச் சரிபாருங்கள். பல மாநிலங்களில் அதற்குக் கடைசித் தேதி தேர்தலுக்கு ஒரு மாசம் முன்பே முடிந்துவிடும். முன்கூட்டியே போடவோ தபாலில் அனுப்பவோ வசதி இருந்தால் செவ்வாய்க்கிழமை சாக்கும் செல்லாது. யாருக்குப் போடுவது என்பது உங்கள் பாடு. போடவில்லை என்றால், அடுத்த தடவை கிரீன் கார்டு வரிசைத் தம்பி ஒருவன் உங்கள் முன்னால் புலம்பும்போது "ஆமாம்ப்பா, சிஸ்டமே சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த சிஸ்டத்தில் அவனுக்கு இல்லாத ஒரு இடம் உங்களுக்கு இருக்கிறது. அதைக் காலியாக விட்டது நீங்கள்.