ஆயுதமும் மண்ணும்

பூமியில் புதையுண்ட பழைய ஆயுதமொன்று அகப்பட்டால், அது எக்காலத்தது என்று வினவுவது மனித சுபாவம். ஆயின், ஆயுதம் தனியே நின்று அவ்வினாவிற்கு விடை பகராது. நம் பழமையைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

காஞ்சி வாசிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஜரிகையை எக்ஸ்-ரே யந்திரத்தில் சோதித்தால், பொன், வெள்ளி, செம்பு எவ்வளவு என்று அது கணக்குக் கொடுத்துவிடுகிறது. அப்புடவை எந்த வருஷத்தில், எவர் தறியில் நெய்யப்பட்டது என்று சொல்லுமோ? சொல்லாது. வெண்கல வாளின் நிலையும் அதுவே. செம்பிற் கலந்த வெள்ளீயத்தின் அளவை அதே வித யந்திரம் காட்டும்; வார்த்ததா, அடித்து உருவாக்கியதா என்பதை மைக்ராஸ்கோப் காட்டும். வெண்கலத்தின் காலத்தையோ, அதனருகே மண்ணிற் கிடக்கும் கரியும் நெல்லும் எலும்புமே பெரும்பாலும் காட்டவல்லவை. ஒருகால் உயிரோடிருந்த பொருளிலுள்ள கார்பனைக் கொண்டே அக்கணக்குப் போடப்படுகிறது.

2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், உத்தரப் பிரதேசத்து மைன்புரி ஜில்லா கணேஷ்பூரில், வயலைச் சமன் செய்கையில் செம்பு வாள்களும் ஈட்டிமுனைகளும் வெளிப்பட்டன. அவை ஏறக்குறைய 4,000 வருஷத்துப் பழமையுடையவை என மதிக்கப்பட்டன. ஆயினும், புரட்டப்பட்ட மண்ணில் எதனருகே எது கிடந்தது என்று இனி எவர் கூறவல்லார்?

தென்னாட்டு ஈமத் தாழிகளில் வெண்கலம் பெரும்பாலும் பாத்திரமும் அணியுமாகவும், இரும்பு ஆயுதமாகவும் கிடைக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ அங்கே திரளான பொருள்களைக் கண்டெடுத்தார். ஆயினும் அவ்விடத்தின் காலம் பற்றிய வாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓயவில்லை. 2004-இல் தொடங்கிய அகழ்வில் முறைப்படி எடுத்த இரு மாதிரிகளே கி.மு. 905, கி.மு. 696 என்ற முடிவை 2019-இல் தந்தன.

சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரி 23-ஆம் தேதி வெளியிட்டது. மாதிரிகள் அமெரிக்கா, லக்னௌ, அகமதாபாத் ஆகிய இடங்களிலுள்ள ஆய்வுச்சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. அறிஞர் சிலர் இன்னும் சான்று கேட்கின்றனர். கேட்பது நியாயமே. அவர்க்கு ஏற்ற விடை ஆரவாரமன்று. முறைப்படி தோண்டிய மற்றொரு குழியே.

செங்கற்பட்டுப் பக்கத்துச் சானூர், குன்னத்தூர் முதலிய இடங்களிலும் பெருங்கற்கால ஈமக்காடுகள் உள்ளன. அத்தகைய நிலங்களில் உலோகங்காட்டும் கருவியுடன் இரகசியமாய்த் தோண்டுவோன் எடுத்துச் செல்வது ஒரு துண்டு உலோகம். அழித்துச் செல்வதோ ஒரு தேசத்தின் சாட்சியம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையலைக் கண்டவர், அதன் தன்மையை மட்டுமன்றிக் கிடைத்த இடத்தையும் நாளையும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே விதித்தது. அந்நிய ஆட்சி இயற்றிய சட்டமெனினும், இடத்தைக் கேட்டது விவேகமே.

ஆதலின், கிராமத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் சொல்வது இது: ஏர்முனையில் ஆயுதம் தட்டுப்பட்டால், அதனைப் பிடுங்காதீர், துலக்காதீர், மண்ணோடு அப்படியே விட்டு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். நம் முன்னோரின் பெருமை அவ்வாளில் உள்ளதாயின், அதன் பத்திரம் அவ்வாளைச் சூழ்ந்த மண்ணில் உள்ளது.